அம்பாசமுத்திரத்துக் கம்பவுண்டர் பெட்டியில் கிடைத்த பழைய மருந்து பாட்டில்கள்

உங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் கம்பவுண்டராக, அதாவது டாக்டர் எழுதிய மருந்தைக் கலந்து கொடுப்பவராக, இருந்திருக்கிறார். பழைய வீட்டை இடிக்கும் முன் அரங்கில் (உள்ளறையில்) கிடந்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே மருந்து பாட்டில்கள். நீலத்தில் ஆறு பட்டை உள்ள ஒன்று, காகிதப் பட்டை ஒட்டிய தட்டையான ஒன்று, கொழும்புக் கம்பெனிப் பெயர் பொறித்த ஒன்று, தக்கை போட்ட சின்னச் சின்னக் குப்பிகள் சில. இவை எவ்வளவு பழசு, விற்றால் என்ன கிடைக்கும், தாத்தா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கதையை இவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் ஒவ்வொரு வரியில் கேட்டுவிட்டு மூன்றாவதைத்தான் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த பாட்டில்கள் யார் கையில், எந்த வேலைக்கு இருந்தன என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் படித்தது மருந்தாளுமை. பாளையங்கோட்டையில் பல காலம் மருந்துக்கடை அலமாரிக்குப் பின்னால் நின்றவன். இந்தச் சீமையில் கிடைக்கும் பழைய மருந்து பாட்டில்களைச் சேர்ப்பதும் அவை எங்கிருந்து வந்தன என்று விசாரிப்பதும் வேலையோடு சேர்ந்து வளர்ந்த பழக்கம்.

வயதைப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே மருந்து மிச்சம் இருக்கும் எதையும் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். அந்தக் காலக் கம்பவுண்டர் அலமாரியில் பாதரச உப்பு, ஆர்சனிக், ஸ்டிரிக்னின், கார்பாலிக் அமிலம், அபின் டிங்சர் எல்லாம் சாதாரணமாக இருந்த சரக்கு. தீப்புண்ணுக்குப் போட்ட பிக்ரிக் அமிலம் இன்னும் மோசம். மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஈரம் காய்ந்துவிட்டால் அதிர்ச்சிக்கே வெடிக்கக் கூடியது. தக்கையைச் சுற்றியோ மூடியின் மரையிலோ மஞ்சள் படிகம் பூத்திருந்தால் அந்த பாட்டிலை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஈதர் என்று எழுதியிருந்தாலும் அதே கவனம் வேண்டும். காலியானவற்றை மட்டும் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

சரி, வயது. ஒரு பாட்டிலை வெயிலுக்குக் காட்டி, நகத்தை அடியிலிருந்து பக்கவாட்டுத் தையலின் (அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டின்) மேலேயே ஓட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கோடு கழுத்தில் எங்கேயோ மறைந்து, வாய்விளிம்பு மட்டும் வழவழப்பாக இருந்தால், அச்சுக்குள் வாயால் ஊதி விளிம்பைக் கையால் முடித்த பாட்டில். கோடு விளிம்பின் மேலேயும் ஏறிப் போனால் இயந்திரத்தில் வார்த்தது. அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவரின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டாவது வகை பெருவாரியாகப் பரவியது. அடிப்பாகத்தின் நடுவில் உடைத்தெடுத்த வடு போல் சொரசொரப்பாக இருந்தால் ஊதுபவர் இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்த இடம் அது. ஐரோப்பியச் சரக்கில் பெரும்பாலும் 1860-களோடு அந்த முறை போய்விட்டது. நிறமில்லாமல் செய்த கண்ணாடி லேசான ஊதா நிறம் பிடித்திருந்தால் அதில் மாங்கனீசு இருக்கிறது, பல வருட வெயில் அதை ஊதாவாக்கியிருக்கிறது. முதல் உலகப் போர் வாக்கில் மாங்கனீசு பயன்பாடு குறைந்தது. அடியில் ஆங்கிலத்தில் யு, ஜி, பி என்று மூன்று எழுத்து சேர்ந்திருந்தால் அது 1913-ல் பல கண்ணாடி ஆலைகள் இணைந்து உருவான இங்கிலாந்துக் கம்பெனி. அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

இதெல்லாம் உறுதி. ஆனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் போட்டிருக்கும் வருட அட்டவணையை நம்மூர் பாட்டிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. தையல் கழுத்தோடு நின்றால் 1910-க்கு முந்தையது என்று அதில் இருக்கும். இங்கிலாந்து, அமெரிக்கச் சரக்குக்கு அது ஏறத்தாழச் சரி. இந்தியாவில் சிறு ஆலைகள் அதற்குப் பிறகும் வெகு காலம் வாயால்தான் ஊதினார்கள். ஃபிரோசாபாத்தில் இன்றும் ஊதுகிறார்கள். கழுத்தில் தையல் நின்ற, கொப்புளம் நிறைந்த, பச்சை கலந்த பாட்டில் 1890 என்று சொல்லி விற்கப்படும். சுதந்திரத்துக்குப் பிறகு ஊதியதாகவும் இருக்கலாம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். உண்மையிலேயே பழசானதன் அடி விளிம்பில், அலமாரியில் பல வருடம் வைத்து எடுத்த தேய்மானம் வளையமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும்.

உங்கள் நீல பாட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு பட்டை, மூன்று பட்டையில் செங்குத்தாக வரிவரியான மேடு, நடுவில் 'நாட் டு பி டேக்கன்' என்ற ஆங்கில எழுத்து. இது இங்கிலாந்தில் 1868-ல் வந்த மருந்தகச் சட்டத்துக்குப் பிறகு பரவிய பழக்கம். ராத்திரி விளக்கில்லாத நேரத்தில் கை தடவினாலே இது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து இல்லை என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்த மேடு. உள்ளே கொடிய விஷம்தான் இருந்தது என்று அர்த்தமில்லை. மூட்டு வலிக்குத் தேய்க்கும் டர்பென்டைன், கற்பூரத் தைலங்களும் இதில்தான் போயின. தாத்தா விஷம் வைத்திருந்தாரோ என்று பயந்து எழுதியிருந்தீர்கள். வெளிப்பூச்சு மருந்து கொடுக்காத கம்பவுண்டர் எந்த ஊரிலும் இருந்ததில்லை.

கண்ணாடியை விடத் தாள் நன்றாகப் பேசும். லேபிள் ஒட்டியிருக்கும் பாட்டிலைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தையது. மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969-க்கு முன்பு அச்சடித்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. மருந்து உற்பத்தி லைசென்ஸ் எண்ணும் பேட்ச் எண்ணும் இருந்தால் 1940-ல் வந்த மருந்துச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அதாவது பெரும்பாலும் 1947-க்கு அப்புறம். அவுன்ஸ் மட்டும் போட்டு மில்லி இல்லாமல் இருந்தால் மெட்ரிக் அளவை கட்டாயமான 1960-களின் தொடக்கத்துக்கு முன்பு. நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய அடையாளங்களும் உண்டு. முகவரியில் 'தின்னவேலி பிரிட்ஜ்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது இன்றைய ஜங்ஷன் பகுதி. 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை வைத்து வந்த பெயர் அது. விலை சக்கரம் என்ற காசில் இருந்தால் திருவிதாங்கூர்ச் சரக்கு. அங்கே ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே 1900-களின் தொடக்கத்திலேயே ரயில் ஓடியதால் அந்தப் பக்கத்துத் தைலமும் அரிஷ்டமும் உங்கள் ஊர்க் கடையில் இருந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். பாட்டிலில் பொறித்திருக்கும் பெயரை வைத்து, அந்த மருந்தைத்தான் இந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு நல்ல கண்ணாடி பாட்டில் முதல் மருந்தோடு முடிந்து போனதே இல்லை. அந்தக் காலத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பாட்டிலைக் கழுவிக் கையோடு கொண்டு போக வேண்டியிருந்தது. 'பாட்டில் கொண்டாந்தியா?' என்பதுதான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்ட முதல் கேள்வி. ஈனோ உப்பு வந்த பாட்டிலில் இருமல் மிக்சர் போகும், மிக்சர் தீர்ந்தால் அதில் நல்லெண்ணெய் ஏறும், எண்ணெய்ப் பிசுக்குப் போகாமல் போனால் மண்ணெண்ணெய்க்கு இறங்கும், அதற்கும் வேண்டாமென்றால் பழைய பாட்டில் வியாபாரி எடைக்கு எடுத்துக்கொண்டு போய் வேறு யாருக்கோ விற்பார். ஆகவே பொறித்த எழுத்து யார் செய்து விற்றார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி. கடைசியாக உள்ளே என்ன இருந்தது என்பதற்கு, கழுத்தில் காய்ந்த கறை, தக்கையில் ஏறிய நிறம், ஒட்டிய துண்டுக் காகிதம் இவைதான் சாட்சி.

அந்த வகையில் உங்கள் பெட்டியிலேயே உயர்ந்த பொருள், காகிதப் பட்டை ஒட்டிய அந்தத் தட்டையான பாட்டில்தான். அதில் பெயரும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்புக்கு எதிர் ஓரத்தில் கத்தரியால் சம இடைவெளியில் சாய்வாக வெட்டிப் பிரித்தால் இரண்டு ஓரமும் பல் பல்லாக வரும். அதை மருந்து நிற்கும் உயரத்துக்கு அளந்து பக்கத்தில் பசையால் ஒட்டுவார்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை ஒரு வேளை. எழுத்துத் தெரியாத ஆச்சியும் பட்டையைப் பார்த்து ஊற்றிக் குடித்துவிடலாம். ஆறு பல் இருந்தால் மூன்று வேளை வீதம் இரண்டு நாள் மருந்து. நோயாளியின் முன்னால் நின்று, அவர் கொண்டு வந்த பாட்டிலின் உயரத்துக்குத் தக்கபடி அப்போதே வெட்டி ஒட்டியது அது. உங்கள் தாத்தாவின் கைவேலை நேரடியாக மிஞ்சியிருப்பது அநேகமாக அந்தத் துண்டில் மட்டும்தான். கடையில் அதற்கு ஒரு பைசா தர மாட்டார்கள்.

கொழும்பு பாட்டிலுக்கு வருகிறேன். கார்கில்ஸ், கொழும்பு அப்போதிக்கரீஸ் போன்ற கம்பெனிகளின் பாட்டில்கள் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், நாசரேத் பக்கம் வரை வீடுகளில் கிடைக்கின்றன. 1914-ல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் தொடங்கும் வரை கொழும்புக்குப் போகத் தூத்துக்குடிக் கப்பல்தான் பிரதான வழி. தோட்ட வேலைக்கும் கடை வியாபாரத்துக்கும் போன நம் ஆட்கள் ஊர் திரும்பும்போது தகரப் பெட்டியில் மருந்தும் கொண்டு வந்தார்கள். இதில் ஒரு சந்தேகத்தை விட்டுவைக்க வேண்டும். பாட்டில் செய்த வருடமும் அது உங்கள் ஊருக்கு வந்த வருடமும் வேறு வேறாக இருக்கலாம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பத்தோடும் பழைய பாட்டில் வந்திருக்கலாம். உங்கள் உறவில் யாராவது இலங்கையில் இருந்தார்களா என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தீர்வது, கண்ணாடியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தீராது.

ஊர்க்கதையைத் தேடும்போது முதல் கேள்வி, தாத்தாவுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பதே. உங்கள் பக்கத்தில் அதற்குப் பல விடைகள் சாத்தியம். 1871 லோக்கல் பண்ட் சட்டத்துக்கும் 1884 லோக்கல் போர்டு சட்டத்துக்கும் பிறகு உள்ளூர் வரிப்பணத்தில் நடந்த ஆஸ்பத்திரிகள் உண்டு. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் இருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைத் தோட்டம் மேலே இருந்தது. டோனாவூரிலும் நாசரேத்திலும் மிஷன் ஆஸ்பத்திரிகள்; நாசரேத்தில் அந்தப் பணி 1870-களிலேயே நடந்துகொண்டிருந்தது. சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஆவணம் எங்கே இருக்கும் என்பதும் மாறும். வீட்டில் பென்ஷன் காகிதம், சர்ட்டிபிகேட் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 1948 பார்மசி சட்டத்தின் கீழ் முதல் பதிவேடு தயாரித்தபோது, தேர்வு பெற்ற கம்பவுண்டர்களையும், குறைந்தது ஐந்து வருடம் அந்த வேலையில் இருந்தவர்களையும் சேர்த்தார்கள். தாத்தா அதற்குப் பிறகும் வேலையில் இருந்திருந்தால் பதிவுச் சான்று ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதில் ஊர், தகுதி எல்லாம் இருக்கும்.

அடுத்தது பேச்சு. எண்பது வயது தாண்டியவர்களிடம் போய் 'அந்த ஆஸ்பத்திரி எப்போது வந்தது' என்று கேட்காதீர்கள். வருடம் யாருக்கும் நினைவிருக்காது. மருந்து என்ன நிறம், கசப்பா காரமா, பாட்டில் யார் கொண்டு போனது, காசு கொடுத்தார்களா அல்லது நெல்லும் வாழைத்தாரும் கொடுத்தார்களா, ராத்திரியில் பிரசவத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்தின் கசப்பைச் சொல்ல ஆரம்பித்தால் மலைக்குப் போய் வந்தவர்களின் குளிர்காய்ச்சல், தோட்டத்து ஆஸ்பத்திரி, அதில் இருந்த ஆட்கள் எல்லாம் தானாக வரும். இந்தப் பேச்சைப் பதிவு செய்து, எந்த பாட்டிலைக் காட்டியபோது யார் எதைச் சொன்னார்கள் என்றும் எழுதி வையுங்கள். ஞாபகம் பிசகும் என்பது உண்மை. இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் எடுத்துக்கொள்ளலாம், ஒருவர் மட்டும் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதலாம்.

அப்புறம் தாள். பேட் என்பவர் எழுதி 1917-ல் வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரில் (மாவட்ட விவரத் தொகுப்பில்) ஆரம்பியுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகள் இருக்கின்றன. அசைலம் பிரஸ் பஞ்சாங்க டைரக்டரி என்று ஆண்டுதோறும் வந்த புத்தகத்தில் சென்னை மாகாணத்து வணிகர்கள், உத்தியோகஸ்தர்கள் பட்டியல் உண்டு. மருந்தின் பெயர் தமிழில் இருந்தால் ரோஜா முத்தையா நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டுங்கள்; பஞ்சாங்கத்தின் பின்னட்டையையும் விடாதீர்கள். சித்த மருந்துப் பெயரானால் பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் கேட்டால் அந்தத் தைலம் எதற்கு என்று சொல்வார்கள். எல்லை மாறியதை மட்டும் மறக்க வேண்டாம். 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவில். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தன. செங்கோட்டையின் 1956-க்கு முந்தைய ஆவணத்தைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும்.

ஓர் இடத்தில் ஒரே வகை பாட்டில் குவியலாகக் கிடைத்தால் அதை நோயாளிகளின் எண்ணிக்கையாகக் கணக்கிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த பிறகு, ஆல்கஹால் உள்ள இஞ்சி டிங்சரும் அரிஷ்டமும் வேறு காரணத்துக்கும் விற்பனையாயின. கடைக்குப் பின்னால் புதைந்த சின்ன டிங்சர் குப்பிகள் வயிற்றுவலியைத்தான் காட்டுகின்றன என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆற்றங்கரையில் தோண்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரையை அறுத்த இடங்களில் பழைய பாட்டில்கள் வெளியே தெரிந்தால், மேலே கிடப்பதைப் படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோண்ட வேண்டாம். இந்த ஆற்றங்கரை, பழங்கால முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் இருக்கும் கரை. ஒரு சீசாவுக்காகப் போடும் மண்வெட்டி எதை உடைக்கும் என்று தெரியாது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து எடுக்கப்படும் மதிப்புள்ள பொருள் பற்றி 1878 புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் போய்த் தேடுவது எந்த நிலையிலும் கூடாது.

கழுவுவது சுலபம். காலியான, லேபிள் இல்லாத பாட்டிலை அறை வெப்பத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு ஊறவைத்து, ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் உள்ளே விட்டு மெதுவாகக் குலுக்கினால் போதும். வெந்நீர் விட்டால் விரிசல் விடும். கழுவியும் போகாத பால் போன்ற மங்கல், கண்ணாடியே அரித்துப் போனது. அமிலம் ஊற்றி அதைச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விலை பற்றி. நீல பாட்டிலுக்கும் கொழும்பு பாட்டிலுக்கும் வாங்க ஆள் இருப்பார்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும் என்பதால் வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பும் பேச்சு வந்தால் தொல்லியல் துறையிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். விற்பதானாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், எந்த பாட்டில் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரியும்படி முழுப் பெட்டியையும் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகம், வாய்விளிம்பு, நான்கு பக்கம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து இங்கேயே போடுங்கள். லேபிளில் டிங்க்., லிக்., மிஸ்ட்., அக். என்று லத்தீன் சுருக்கத்தில் இருப்பவற்றை நான் படித்துச் சொல்கிறேன். பல் வெட்டிய அந்தக் காகிதப் பட்டையைத் தனியாக, கொஞ்சம் கிட்டே வைத்து எடுங்கள். எத்தனை பல், கைவெட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் தாத்தா இடது கைக்காரரா என்பதைக்கூட உங்கள் வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.